மதிப்புரைக்கு முன்பிரதி வாங்குவதை நிறுத்த நினைப்பவருக்கு

கேள்வி இதுதான். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டிப் பக்கம் இருந்துகொண்டு சில ஆண்டுகளாக நூல் மதிப்புரை எழுதிவருகிறார் ஒருவர். பதிப்பகங்கள் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அவருக்குப் புரூஃப் (பிழை பார்க்க எடுக்கும் மெய்ப்பு) பிரதியும் பிடிஎஃப்பும் அனுப்புகின்றன. ஐப்பசியில் தொடங்கித் தை பிறப்பதற்குள் வந்து சேர்ந்தவை மட்டும் பதினான்கு. படித்து முடிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தனக்குப் பிடித்ததை எடுத்துப் படித்தே ஒரு வருடம் ஆகிறது என்கிறார். முன்பிரதி வாங்குவதையே நிறுத்திவிடலாமா, யாரையும் நோகடிக்காமல் எப்படி நிறுத்துவது, கையில் கிடப்பதை என்ன செய்வது?

நிறுத்தலாம். நிறுத்துவதானால் முழுதாகவே நிறுத்துங்கள். "மாதம் ரெண்டு மட்டும்", "தெரிந்த பதிப்பகம் மட்டும்" என்று பாதியில் நின்றால் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்ல வேண்டிவரும். "போன வாரம் அவருடையதை வாங்கினீர்களே" என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. வெளியீட்டுக்கு முந்தைய பிரதி எதையும் வாங்குவதில்லை என்றால் எல்லாருக்கும் ஒரே பதில். அதில் யாரும் தன்னை மட்டும் ஒதுக்கியதாக நினைக்க இடமில்லை.

முடிவெடுக்குமுன் ஒரு தாளில் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டெமி அளவில் 240 பக்க நாவல், பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் 15 ஃபாரம். மணிக்கு 30 பக்கம் படித்தால் 8 மணி நேரம் பிடிக்கும். குறிப்பெடுக்கவும் சில இடங்களைத் திரும்பப் பார்க்கவும் 2 மணி. எண்ணூறு சொல் எழுதித் திருத்த 3 மணி. ஆக, ஒரு நூலுக்கு 13 மணி. வேலைக்குப் போகிறவருக்கு நாளுக்கு ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று வாரத்துக்கு 9 மணி கிடைத்தால் பெரிது. பதினான்கு நூலுக்கு 182 மணி, அதாவது இருபது வாரம். பொங்கலன்று உட்கார்ந்தால் ஜூன் முதல் வாரத்தில் எழுந்திருப்பீர்கள். அதற்குள் விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலமே முடியப்போகிற நேரம் வந்துவிடும்.

பதிப்பகத்தின் கணக்கு வேறு. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றித்தான் தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டு சுழல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பக்க வடிவமைப்பு, மெய்ப்பு. மார்கழியில் அச்சு. தை பிறக்கையில் கடையில் புத்தகம். அவர்களுக்கு உங்கள் மதிப்புரை தேவைப்படுவது காட்சியை ஒட்டிய மூன்று வாரத்துக்கு. அந்த மூன்று வாரத்தில் உங்களிடம் இருப்பது 27 மணி நேரம். அது இரண்டு நூலுக்குத்தான் காணும். பதினான்கு பேரிடம் பிரதி வாங்கி இரண்டு பேருக்கு மட்டுமே நேரத்துக்குச் செய்ய முடியும் என்பது பிரதியை வாங்கும்போதே தெரிந்த கணக்கு.

மீதிப் பன்னிரண்டுக்கு என்ன ஆகிறது? முதல் ஐம்பது பக்கம், கடைசி இருபது பக்கம், நடுவில் பின்னட்டைக் குறிப்பு. மூன்றும் சேர்ந்து ஒரு மதிப்புரை ஆகிவிடுகிறது. எழுத்தில் தேர்ந்தவர் எழுதினால் படிக்கவும் நன்றாகவே இருக்கும். அதை நம்பி முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்தான் ஏமாந்துபோகிறார். முன்பிரதியை நிறுத்தச் சொல்வதற்கு வேறு எந்தக் காரணத்தையும்விட இது பெரிய காரணம்.

நம் இதழ்களின் பழைய வழக்கத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்ப வேண்டும் என்று அறிவித்திருப்பார்கள். வந்தது அச்சான நூல், மெய்ப்பு இல்லை. மதிப்புரை எழுத முடியாத நூல்களுக்கு "வரப்பெற்றோம்" என்று ஒரு பட்டியல் இருந்தது. நூலின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை, முகவரி, அவ்வளவுதான். அனுப்பியவருக்குப் புத்தகம் வந்து சேர்ந்த தகவல் போய்விடும், படிக்காத நூலைப் பற்றி யாரும் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் நல்ல ஒழுங்கு இருந்தது. தனி ஆளாக எழுதுகிறவரிடம் அப்படி ஒரு ஒதுக்கிடம் இல்லாததால்தான் ஒவ்வொரு பிரதியும் கடனாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முன்பிரதியைப் பற்றிய அடுத்த சிக்கல், அது இன்னும் முடியாத நூல் என்பது. கடைசி மெய்ப்பில் மாறுவது ஒற்றுப் பிழையும் ரகர றகரமும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிகம் மாறுவது வேறு இடங்கள்: ஆண்டுகள், ஊர்ப் பெயர்கள், பாத்திரத்தின் பெயர் எழுதப்படும் விதம், அத்தியாய வரிசை, முன்னுரை, கடைசி அத்தியாயம். நூலாசிரியர்கள் முடிவைத்தான் கடைசி வரை தொட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்னுரையில் நான்கு பக்கம் கூடினால் உள்ளே எல்லாப் பக்க எண்ணும் நகர்ந்துவிடும். நீங்கள் "பக்கம் 117" என்று காட்டிய வரி அச்சில் 121இல் இருக்கும்.

பிடிஎஃப்பில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் பக்கம் கட்டிய கோப்பு என்றால் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். தேடுதலும் வேலை செய்யாது. வேறு வழியின்றிக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வீர்கள், அதில் உங்கள் பிழை இரண்டு சேரும். அல்லது படம் எடுத்து எழுத்தாக மாற்றும் செயலியில் கொடுப்பீர்கள். கொம்பும் காலும் இடம் மாறி ணகரம் னகரமாகும். கடைசியில் நூலாசிரியர் எழுதாத ஒரு வரி மேற்கோள் குறிக்குள் அவர் பெயரில் நிற்கும். விமர்சனத்துக்காக மேற்கோள் எடுப்பதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த அனுமதியைப் பயன்படுத்துகிறவர் வரியைப் பிசகாமல் எடுக்கக் கடமைப்பட்டவர், அதற்கு அச்சான நூல் கையில் வேண்டும்.

இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறவருக்கு என்று தனியாக ஒரு விஷயம் உண்டு, அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். தனுஷ்கோடி, பாம்பன், மீனவர் வாழ்க்கை, சங்கு குளித்தல், பாசி எடுக்கும் பெண்கள் என்று யார் எழுதினாலும் பதிப்பகத்துக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கரையில் இருக்கும் மதிப்புரையாளர். "நீங்க அந்த ஊர்ப் பக்கம்தானே, ஒரு பார்வை பார்த்துடுங்க" என்று பிடிஎஃப் வரும். கேட்பது மதிப்புரை போல இருக்கும்; உண்மையில் வாங்கப்படுவது தகவல் சரிபார்ப்பு. இரண்டும் வேறு வேறு வேலை.

சரிபார்ப்பில் என்னென்ன வரும் என்று பாருங்கள். ஒரு நாவலில் மே மாதம் பாம்பனில் இருந்து விசைப்படகு கடலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்தக் காட்சியில் நாட்டுப்படகு போகலாம், விசைப்படகு போக முடியாது. கதை நடப்பது 1990 என்றால் கணக்கே வேறு, அப்போது இந்தத் தடைக்காலம் நடைமுறையில் இல்லை. இன்னொரு கதையில் 2023இல் ஒருவர் ராமேசுவரம் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி. இடையில் வந்தவர்கள் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ இறங்கிப் பேருந்து ஏறியிருப்பார்கள். பழைய பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு இறக்கையாகப் பிரிந்து மேலெழும்பும், புதியதில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக உயரும். கதையில் கப்பல் கடக்கிற காட்சி இருந்தால் எந்த ஆண்டு என்று பார்த்துத்தான் வர்ணிக்க வேண்டும். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22 இரவில். அதை 1965 என்று எழுதிவிட்ட கையெழுத்துப் பிரதிகூட வரலாம். பாக் நீரிணைப் பக்கத்தையும் மன்னார் வளைகுடாப் பக்கத்தையும் ஒரே கடலாகப் பாவித்து, வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், குளம் போலக் கிடந்ததாக எழுதியிருந்தால் கரையில் இருப்பவர் ஒரே வரியில் கண்டுபிடித்துவிடுவார்.

இவற்றையெல்லாம் நீங்கள் மெய்ப்பில் பார்த்துப் பதிப்பகத்துக்கு எழுதி அனுப்புகிறீர்கள், அவர்கள் திருத்திவிடுகிறார்கள். பிறகு மதிப்புரையில் என்ன எழுதுவீர்கள்? "கடற்கரை வாழ்வைத் துல்லியமாகக் காட்டும் நாவல்" என்றால் உங்கள் துல்லியத்தை நீங்களே பாராட்டுகிறீர்கள். அந்தப் பிழைகளைக் குறை சொல்லி எழுதினால் அச்சான நூலில் அவை இல்லை. உங்கள் மதிப்புரைதான் பொய்யாகும். ஆகவே ஒரு நூலுக்கு இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். தகவல் பார்த்துக் கொடுக்க விருப்பம் இருந்தால் மெய்ப்புத் திருத்துபவருக்குக் கொடுப்பது போல ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளுங்கள். நூலின் நன்றிப் பக்கத்தில் பெயர் வரட்டும், அந்த நூலுக்கு மதிப்புரை எழுதாதீர்கள். இந்தக் கரையைப் பற்றிய அறிவு படகிலும் பட்டறையிலும் பல காலம் நின்று சேர்ந்தது; ஓசியில் கொடுக்க வேண்டியதில்லை. முன்பிரதி மதிப்புரையை நிறுத்திய பிறகும் இந்த வேலையைத் தொடரலாம், அதில் முரண் எதுவும் இல்லை.

இனி நிறுத்தும் முறை.

முதலில் ஒரு தேதி குறியுங்கள். மாதத்தின் முதல் தேதியாக இருக்கட்டும். அதற்குமுன் கையில் இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: நூல், பதிப்பகம், அச்சா பிடிஎஃப்பா, வந்த நாள், நீங்கள் கேட்டு வாங்கியதா அவர்களாக அனுப்பியதா, என்ன வாக்குக் கொடுத்தீர்கள், எங்கே கொடுத்தீர்கள். கடைசிக் கட்டத்துக்காகப் பழைய வாட்ஸ்அப் உரையாடல்களைப் புரட்டத்தான் வேண்டும். "கட்டாயம் எழுதுறேன் சார்" என்று போட்டதை மறந்துவிட்டிருப்பீர்கள், அனுப்பியவர் மறந்திருக்க மாட்டார்.

அந்தப் பட்டியல் தானாகவே பிரிந்துவிடும். நீங்களாகக் கேட்டு வாங்கியதும், தேதி சொல்லி ஒப்புக்கொண்டதும் கடன். அவற்றை எழுதித்தான் தீர வேண்டும். கேட்காமல் வந்தவை கடன் இல்லை. அவற்றுக்கு "வந்து சேர்ந்தது, மதிப்புரை எழுத இயலாது" என்று ஒரே ஒரு பதில் போதும். ஒப்புக்கொண்டு பாதி படித்துப் பிடிக்காமல் போனவைதான் சங்கடமானவை. முடித்துக்கொடுக்க வேண்டுமே என்று மனமில்லாமல் எழுதும் மதிப்புரை ஆசிரியருக்கும் உதவாது. "இத்தனாம் பக்கம் வரை படித்தேன், இதற்குமேல் நியாயமாக எழுத என்னால் முடியாது" என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. வெளியீடு தள்ளிப்போன நூல்களும் இரண்டு மூன்று இருக்கும். தைக்கு என்று அனுப்பியது ஆடி வரை இழுத்தால் உங்கள் வாக்கும் காலாவதி ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கடிதத்தில் பலர் செய்யும் தவறு, "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளப் போகிறேன்", "நேரம் கிடைத்தால் பார்க்கிறேன்" என்று மென்மையாக எழுதுவது. படிப்பவர் அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார், பிரதி வந்துகொண்டே இருக்கும். உடல்நிலை, வேலைப்பளு என்று காரணம் சொன்னால் அது தீர்ந்த மாதமே மறுபடி கேட்பார்கள். காரணம் வேண்டாம், முடிவு, தேதி, கையிருப்பு, இனி என்ன ஆகும் என்ற நான்கும் இருந்தால் போதும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். வரும் முதல் தேதியில் இருந்து, வெளியீட்டுக்கு முந்தைய பிரதிகளை அச்சாகவோ பிடிஎஃப் ஆகவோ மதிப்புரைக்குப் பெற்றுக்கொள்வதை நிறுத்துகிறேன். எல்லாப் பதிப்பகங்களுக்கும் பொதுவான முடிவு இது. தாங்கள் அனுப்பியவற்றில் மூன்று என்னிடம் உள்ளன. முதல் நூலுக்கு ஒப்புக்கொண்டபடி மார்ச் 15க்குள் மதிப்புரை எழுதுவேன். அதற்குமுன் அச்சான பிரதியோ, மெய்ப்புக்குப் பின் மாறிய பக்கங்களின் பட்டியலோ வேண்டும். மற்ற இரண்டுக்கும் எழுத இயலாது. அவற்றின் புரூஃப் பிரதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்று பத்து நாளுக்குள் சொல்லுங்கள். தகவல் வராவிட்டால் கிழித்துப் பழைய காகிதத்தில் போட்டுவிடுவேன். பிடிஎஃப் கோப்புகளை அழித்துவிட்டேன். பிரதி அனுப்பும் பட்டியலில் இருந்து என் முகவரியையும் கைபேசி எண்ணையும் நீக்கிவிடுங்கள். அச்சில் வந்த நூல்களை வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ படித்து எழுதுவது தொடரும்."

இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் பதிப்பகத்தில் ஆள் மாறும்போது தகவல் அவரோடு போய்விடும், புதிதாக வருகிறவர் பழைய பட்டியலைத்தான் திறப்பார்.

பதிப்பகத்தைவிடக் கடினம் நூலாசிரியரின் தொலைபேசி அழைப்பு. நம் பக்கத்து உறவுமுறைப் பேச்சில் மறுப்பது எளிதல்ல. "என்ன தம்பி, படிச்சாச்சா? நாலு வரி போட்டாப் போதும்ப்பா" என்பார். "அண்ணே, புரூஃப்ல படிச்சு எழுதுறத விட்டுட்டேன். புத்தகம் வரட்டும், நானே வாங்கிப் படிக்கிறேன். எழுதுவேனான்னு இப்பச் சொல்ல முடியாதுண்ணே" என்று சொல்லி நிறுத்துங்கள். கீழக்கரைக்காரராக இருந்தால் அண்ணே என்பதற்குப் பதில் "காக்கா" என்று அழைப்பீர்கள், வாக்கியம் அதேதான். "வாங்கிப் படிச்சுக் கண்டிப்பா எழுதுறேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. ஒரு கடனை அடைத்த இடத்தில் இன்னொன்று முளைத்துவிடும். அடுத்து, "சரி, மதிப்புரை வேண்டாம், பின்னட்டைக்கு ரெண்டு வரி" என்று கேட்பார். அதுவும் முன்பிரதியைப் படித்துச் சொல்லும் கருத்துதான். மதிப்புரையைவிட ஒரு படி மேலே போய் விற்பனைக்கே பயன்படுவது. அதற்கும் அதே பதில்.

ஆங்கில நூல்களுக்கு, முன்பிரதியை இணையத்தில் தரும் நெட்கேலி போன்ற தளங்களில் கணக்கு இருந்தால் முதலில் நிலுவையில் உள்ள கோரிக்கைகளைத் திரும்பப் பெறுங்கள், பிறகு ஏற்கெனவே கிடைத்தவற்றைப் பாருங்கள். வாங்கியதில் 80 விழுக்காட்டுக்காவது கருத்து எழுதியிருக்க வேண்டும் என்று நெட்கேலி பரிந்துரைக்கிறது. நிறுத்தப்போகிறவர் அந்த எண்ணுக்காக ஓடி ஓடி எழுத வேண்டாம்.

கோப்புகளை அழிப்பதில் கவனம் வேண்டும். முன்பிரதி பிடிஎஃப்பில் பெரும்பாலும் வாங்கியவர் பெயரோ மின்னஞ்சலோ பக்கத்தின் குறுக்கே மங்கலாக அச்சிடப்பட்டிருக்கும். அது டெலிகிராம் குழு ஒன்றில் போய் விழுந்தால் உங்கள் பெயரோடுதான் சுற்றும். வாட்ஸ்அப் உரையாடலில் நீக்கினால் போதாது. கைபேசியின் கோப்பு மேலாளரில் வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, அங்கே இருப்பதையும் டவுன்லோட்ஸில் இருப்பதையும் நீக்குங்கள். கூகுள் டிரைவ், மின்னஞ்சல் இணைப்பு, டெலிகிராமில் உங்களுக்கு நீங்களே அனுப்பிவைத்தது ஆகியவற்றையும் பாருங்கள். கிண்டிலுக்கு அனுப்பிப் படித்திருந்தால் கருவியில் நீக்கினாலும் அமேசான் கணக்கின் நூலகத்தில் ஒரு பிரதி தங்கிவிடும். கணக்கில் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய் நிரந்தரமாக அழிக்க வேண்டும். நண்பருக்கு "படிச்சுப் பாரு" என்று அனுப்பியிருந்தால் அவரிடமும் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள்.

அச்சுப் பிரதிகளில் இரண்டு வகை உண்டு, கலந்துவிடக் கூடாது. விலையும் ஐஎஸ்பிஎன் எண்ணும் உள்ள முழு நூலை நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கலாம். ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ நூலகரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பதால் பட்டியலோடு போவது அவருக்கு வசதி. "விற்பனைக்கு அல்ல", "திருத்தப்படாத மெய்ப்பு" என்று போட்ட பிரதியை நூலகத்துக்குக் கொடுக்கவே வேண்டாம். பத்து வருடம் கழித்து ஆய்வு மாணவர் ஒருவர் அதைப் பார்த்து, நூலாசிரியர் திருத்திவிட்ட வரியை மேற்கோள் காட்டுவார். பழைய புத்தகக் கடைக்கும் போடக் கூடாது. ஒன்று திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையேல் ஃபாரம் ஃபாரமாகப் பிரித்துக் கிழித்துவிட வேண்டும்.

திருப்பி அனுப்ப அஞ்சல்துறை 2025 மே முதல் நடத்தும் ஞான் போஸ்ட் மலிவு: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் தாமதமாகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஸ்பைரல் போட்ட வெறும் மெய்ப்பில் அந்தப் பக்கமே இருக்காது, கவுன்டரில் ஏற்க மாட்டார்கள். அதைச் சாதாரண பார்சலிலோ விரைவு அஞ்சலிலோதான் அனுப்ப முடியும். அடைமழைக் காலத்தில் அனுப்புவதானால் உள்ளே பாலித்தீன், வெளியே பழுப்புத் தாள்.

பதில் வரும்வரை பிரதிகளை வைத்திருக்க வேண்டியிருந்தால் தரையில் அட்டைப்பெட்டியோடு வைக்காதீர்கள். நம் கடற்கரையில் உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஒரே மாதத்தில் அடிப்பெட்டிக்குப் பூஞ்சை வந்துவிடும், பின்னாலேயே காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சியும் வரும். அரை அடி உயரப் பலகை மேல், சுவரில் இருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். லேசர் பிரிண்டில் எடுத்த மெய்ப்பை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் வெப்பத்தில் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காகித உறைதான் சரி.

ஏற்கெனவே எழுதிய மதிப்புரைகளை நிறுத்திய உற்சாகத்தில் அழித்துவிடாதீர்கள். அழித்தால் எதையோ மறைப்பது போலாகும். ஒவ்வொன்றாக எடுத்து, இலவசப் பிரதியை வைத்து எழுதியது என்று முதல் பத்தியிலேயே தெரிகிறதா பாருங்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் கொண்டுவந்த விதிகளும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட கையேடும் பணம் வாங்கினால் மட்டும் சொல்லச் சொல்லவில்லை. நிபந்தனை இல்லாமல் வந்த இலவசப் பொருளையும் சொல்ல வேண்டிய தொடர்பாகவே கொள்கின்றன. "பதிப்பகம் வெளியீட்டுக்கு முன் அனுப்பிய மெய்ப்புப் பிரதியைப் படித்து எழுதியது" என்று நல்ல தமிழில் ஒரு வரி தலைப்புக்குக் கீழேயே இருக்கட்டும். கடைசியில் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்தால் சொன்னதாக ஆகாது. அமேசானிலும் போட்டிருந்தால் அவர்கள் விதியையும் நினைவில் கொள்ளுங்கள்: 2016இல் இலவசப் பொருளுக்குப் பதிலாக எழுதும் மதிப்புரைகளைத் தடுத்தபோது புத்தகத்தின் முன்பிரதிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பிரதி தரலாம், மதிப்புரை எழுதியே ஆக வேண்டும் என்றோ, இப்படித்தான் எழுத வேண்டும் என்றோ கேட்கக் கூடாது. யாராவது அப்படிக் கேட்டு நீங்கள் எழுதியது என்றால் அதை எடுத்துவிடுவதுதான் முறை.

நிறுத்துவதால் ஒரு இழப்பு உண்டு, அதை மறைக்க வேண்டாம். பெரிய பதிப்பகங்களுக்கு ஒரு மதிப்புரையாளர் குறைந்தால் ஒன்றும் ஆகாது. நூறு இருநூறு பிரதி மட்டும் அச்சிடும் சிறு பதிப்பகத்துக்கும், இந்தக் கரையில் இருந்து முதல் நூல் போடும் பெண்ணுக்கும் பையனுக்கும் அது பெரிய குறை. அவர்களுக்குப் பணத்தால் உதவுவது எழுத்தால் உதவுவதைவிட நேர்மையானது. முன்வெளியீட்டுத் திட்டத்தில் ஒரு பிரதிக்குப் பணம் கட்டுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்க அவர்களுக்குக் கைக்காசு தேவைப்படும் நேரம் அதுதான். பிரதி வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டிய கடமை கிடையாது, விலை கொடுத்து வாங்கியது. படித்துப் பிடித்தால் எழுதுவீர்கள், குறை இருந்தாலும் தயங்காமல் சொல்வீர்கள்.

அதற்குமேல் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: அச்சில் வந்து மூன்று மாதம் ஆன நூலுக்குத்தான் மதிப்புரை. அதற்குள் கூட்டமும் பாராட்டும் அடங்கியிருக்கும், முதல் வாசகர்கள் பிழைகளைச் சொல்லியிருப்பார்கள், ஆசிரியரும் பதற்றத்தில் இருக்க மாட்டார். எழுதுமுன் நூல் கிடைக்கிறதா என்று பதிப்பகத்தில் கேட்டுவிடுங்கள். சிறு பதிப்பில் வந்தது மூன்றாம் மாதமே தீர்ந்திருக்கலாம், கிடைக்காத நூலைப் புகழ்ந்து வாசகரை அலைய விடுவது தவறு. மாதம் இரண்டு நூல் என்று வைத்தால் 26 மணி நேரம், ஏறக்குறைய எழுநூறு ரூபாய். சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ராமநாதபுரத்தில் நடக்கும் முகவைப் புத்தகத் திருவிழாவுக்குப் பட்டியலோடு போகலாம். வாரத்துக்கு 9 மணி இருக்கிறவருக்கு மாதம் பத்து மணி மிச்சமாகும். அது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத வாசிப்புக்கு.

தேதிக்குப் பிறகும் சில பார்சல் வரும், அவை ஏற்கெனவே அஞ்சலில் ஏறிவிட்டவை. முதல் மாதம் வருவதைப் பெற்றுக்கொண்டு ஒரு வரி பதில் போடுங்கள். அதற்குப் பிறகு வருவதைப் பிரிக்காமல் தபால்காரரிடமே "வாங்க மறுப்பு" என்று எழுதச் சொன்னால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். பிரித்துவிட்டால் அந்த வழி கிடையாது. புரட்டாசி கடைசி வாரத்தில், அடுத்த மெய்ப்புகள் கிளம்புமுன், அதே கடிதத்தைத் தேதி மட்டும் மாற்றி எல்லாப் பதிப்பகத்துக்கும் இன்னொரு முறை அனுப்பிவிடுங்கள். முதல் ஆண்டு இதைச் செய்யாதவர்களுக்குத்தான் கார்த்திகையில் மறுபடி நாலைந்து பிடிஎஃப் வந்து நிற்கிறது.